கல் பிளேடா, வெறும் கல்லா? முதலில் புரட்டிப் பாருங்கள்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போனால் மேசை கிடைப்பது கஷ்டம். அதனால் நாங்கள் எட்டு மணிக்கே போய்விடுவோம். நாங்கள் என்றால் பழங்காசு, பானை ஓடு, கற்கருவி என்று ஆர்வமுள்ள நாலைந்து பேர். போன மாதம் எங்களோடு புதிதாகச் சேர்ந்த ஓர் ஐயா, தோசைத் தட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, டிஷ்யூ தாளில் சுற்றிய மூன்று கற்களை மேசையில் வைத்தார். அவருடைய மகள் இங்கிலாந்தில் இருக்கிறார். மகளைப் பார்க்கப் போயிருந்தபோது சஃபோக் வட்டாரத்தில் உழுது போட்டிருந்த வயல்களில், வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு பொறுக்கியவை.

"மூணுமே கற்கால பிளேடுதான் தம்பி. எது ரொம்பப் பழசுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

ஒன்று, சுண்டுவிரல் நீளத்தில் சாம்பல் நிறக் கல்; ஒரு முனை உடைந்திருந்தது. இரண்டாவது கிட்டத்தட்ட சதுரம், பெரிய தபால்தலை அளவு, கறுப்பு. மூன்றாவது அரசிலை போல வடிவாக, வழுவழுப்பாக இருந்தது. ஐயாவுக்கு மூன்றாவதுதான் உயிர். பார்த்தவுடன் எல்லாருடைய கையும் அதற்குத்தான் போனது.

கடைசியில் அந்த மூன்றில் ஒன்றுதான் கற்கால பிளேடு என்று முடிவுக்கு வந்தோம். எப்படி வந்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த விஷயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் உருவத்தைப் பார்க்கிறார்கள். கூராக இருக்கிறதா, இலை மாதிரி இருக்கிறதா, கத்தி மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உருவம் ஏமாற்றும். கல் எப்படி உடைந்தது என்பதைப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பிளேடு என்றால் என்ன? ஒரு கல்லை இன்னொரு கல்லாலோ மான் கொம்பாலோ ஓரத்தில் தட்டினால் ஒரு சில்லு பெயர்ந்து வரும். அந்தச் சில்லுக்குச் செதில் என்று பெயர். செதில் போன பிறகு கையில் மிஞ்சும் கல் கருக்கல். செதில்களில் நீளமாக, இரண்டு ஓரமும் ஏறக்குறைய இணையாக வந்திருப்பதைத்தான் பிளேடு என்கிறோம். நீளம் அகலத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 12 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலம், 50 மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளம் என்றால் அது குட்டி பிளேடு.

தற்செயலாக நீளமாக வந்துவிட்ட ஒரு செதிலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் பிளேடு செய்ய உட்கார்ந்தவர் தற்செயலை நம்பவில்லை. அவர் முதலில் கருக்கல்லைத் தயார் செய்கிறார். வெண்டைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். காம்பிலிருந்து நுனி வரை நீளவாக்கில் வரப்புகள் ஓடும் இல்லையா, நன்றாகத் தயார் செய்த கருக்கல்லும் அப்படித்தான் இருக்கும். காம்புப் பக்கத்தைத் தட்டையாக்கி, அங்கே ஒரு வரப்புக்கு நேர் மேலே தட்டினால் அதிர்வு அந்த வரப்பின் வழியே கீழே இறங்கும். வரப்போடு சேர்ந்து ஒரு நீளத் துண்டு கழன்று விழும். அது விழுந்த இடத்தின் இரண்டு பக்கமும் புதிதாக இரண்டு வரப்புகள் உருவாகிவிடும். அடுத்த அடி அவற்றில் ஒன்றின் மேல். இப்படி ஒரே கல்லிலிருந்து அடுத்தடுத்துப் பல பிளேடுகள் எடுக்கலாம். முன்னால் எடுத்த பிளேடுதான் பின்னால் வரப்போகும் பிளேடின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். நாலு அடி தள்ளி யோசிக்கத் தெரிந்த ஒரு மனிதரை அங்கே பார்க்க முடிகிறது.

இந்த உடைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க அருங்காட்சியகம் வரைக்கும் போக வேண்டியதில்லை. கோப்பிக் கடையில் தே ஊற்றித் தரும் தடித்த கண்ணாடிக் குவளை எப்போதாவது விழுந்து உடைந்திருக்கும். அடுத்த முறை அதன் அடிப்பாகத்துத் தடித்த துண்டு கிடைத்தால், கையுறை போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உடைந்த முகம் தட்டையாக இருக்காது, சிப்பியின் உட்புறம் போல வளைந்திருக்கும். அடி விழுந்த இடத்திலிருந்து, குளத்தில் கல் போட்டால் பரவுவதுபோல, மெல்லிய அலைவரிகள் பரவியிருக்கும். அலைவரியின் வளைவு எந்தப் பக்கம் குவிகிறதோ அந்தப் பக்கம்தான் அடி விழுந்த இடம். சிக்கிமுக்கிக் கல், அதன் இனத்தைச் சேர்ந்த செர்ட், அகேட், எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் எல்லாமே இப்படித்தான் உடையும். உள்ளே பெரிய படிகங்கள் இல்லாமல் ஒரே சீராக இருப்பதால், அடியின் விசை எல்லாப் பக்கமும் தடங்கலில்லாமல் பரவுகிறது. கற்கால மனிதர்கள் தேடித்தேடி எடுத்ததும் இப்படிப்பட்ட கற்களைத்தான்.

சரி, இப்போது ஐயாவின் முதல் கல்லுக்கு வருவோம். சாம்பல் நிறக் கல். நான் அதைக் கையில் எடுத்ததும் புரட்டினேன். ஒரு பிளேடுக்கு இரண்டு பக்கம் உண்டு. கருக்கல்லோடு ஒட்டியிருந்து பெயர்ந்து வந்த பக்கத்தை வயிற்றுப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். கருக்கல்லின் வெளிப்புறமாக இருந்தது முதுகுப் பக்கம். புதியவர்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள், அங்கேதான் அழகான கோடுகள் இருக்கும். ஆனால் மனிதர் அடித்துப் பெயர்த்ததா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் வயிற்றுப் பக்கம் இருக்கிறது.

கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு, கல்லுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தோம். நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடுபள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து வரும். உடையாத முனையில் அரிசி அளவுக்கு ஒரு சிறிய தட்டையான தளம் தெரிந்தது. அடி விழுந்த தளம் அது. அதற்குச் சற்றுக் கீழே, வயிற்றுப் பக்கத்தில், விரலால் தடவினால் தட்டுப்படும் ஒரு மெல்லிய மேடு. இதைக் குமிழ் என்கிறோம். அடியின் விசை கல்லுக்குள் கூம்பு வடிவில் இறங்கும்போது உண்டாவது. சில கற்களில் அந்தக் குமிழின் மேலேயே ஒரு சின்னச் செதில் பெயர்ந்த தழும்பும் இருக்கும். அந்தத் தழும்பைக் கண்டால் எனக்கு நம்பிக்கை கூடும். குமிழிலிருந்து மற்ற முனை நோக்கி அலைவரிகள் போயிருந்தன. தளம், குமிழ், அலைவரி, மூன்றும் ஒரே அடியைக் காட்டுகின்றன. இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதுதான் முக்கியம். இயற்கையும் எப்போதாவது ஒரு குமிழை உண்டாக்கும், கல்லின் மேல் கல் உருண்டு விழுந்தால் போதும். ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

அப்புறம் முதுகைப் பார்த்தோம். நீளவாக்கில் இரண்டு வரப்புகள், கிட்டத்தட்ட இணையாக. வரப்புகளுக்கு நடுவில் உள்ள பள்ளங்கள் எல்லாம் இதற்கு முன்னால் அதே கருக்கல்லிலிருந்து எடுத்த பிளேடுகளின் தழும்புகள். இந்தப் பிளேடு பிறப்பதற்கு முன்னால் அதன் அண்ணன்மார் மூன்று பேர் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தத் தழும்பு முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்றுகூடச் சொல்லலாம். பிறகு வந்தது முன்னால் வந்ததை வெட்டிக்கொண்டு போயிருக்கும். கோலத்தில் ஓர் இழை இன்னோர் இழையின் மேல் ஏறிப் போவதைப் பார்த்து எதை முதலில் போட்டார்கள் என்று சொல்வோமே, அதே மாதிரி. ஐயாவின் கல்லில் மூன்று தழும்புகளும் ஒரே திசையிலிருந்து வந்தவை. அதாவது கருக்கல்லைத் திருப்பாமல், ஒரே தளத்தில் வரிசையாகத் தட்டியிருக்கிறார்கள். நீளமும் அகலமும் இரண்டுக்கு ஒன்று வராவிட்டால்கூட, அந்த வரப்புகளை வைத்து இது பிளேடின் துண்டு என்று சொல்லிவிட முடியும். உடைந்த துண்டுகளுக்கு இந்த வழிதான் கைகொடுக்கும். வேண்டுமென்றே பிளேடுகளைத் துண்டு துண்டாக ஒடித்துப் பயன்படுத்துவதும் கற்காலத்தில் உண்டு. அதனால் முனை ஒடிந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அந்த ஒடிந்த முனையில் இன்னொரு விஷயம் கவனித்தோம். கல்லின் மேற்பரப்பு முழுவதும் வெளிறிப்போய்ப் பால் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தது. சிக்கிமுக்கிக் கல் நீண்ட காலம் மண்ணுக்குள் கிடந்தால் மேல் தோல் இப்படி நிறம் மாறும். ஆனால் ஒடிந்த முகம் மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. உடைப்பு புதிது. ஏர்க்கலப்பை பட்டிருக்கும். ஒரே கல்லில் இரண்டு விதமான தோல் இருந்தால் இரண்டு வேறு காலத்து உடைப்பு என்று புரிந்துகொள்ளலாம். வெளிறிய தோலை வைத்து வயதைக் கணக்கிடுவது மட்டும் வேண்டாம். மண்ணுக்கு மண் அந்த வேகம் மாறும்.

இனி, எல்லாருக்கும் பிடித்த அந்த அரசிலைக் கல். அதைப் புரட்டினோம். அடி விழுந்த தளம் எங்கே என்று ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினோம், கிடைக்கவில்லை. குமிழும் இல்லை. டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்ததும் வட்டவட்டமான வரிகள் தெரிந்தன. ஆனால் அந்த வட்டங்களின் மையம் கல்லின் ஓரத்தில் இல்லை, முகத்தின் நட்டநடுவில் இருந்தது. மனிதர் அடித்தால் அடி ஓரத்தில்தான் விழ வேண்டும். வரிகள் நடுவிலிருந்து கிளம்பினால் விசை கல்லின் உள்ளிருந்தே வந்திருக்கிறது. குளிர்நாடுகளில் கல்லுக்குள் புகுந்த ஈரம் உறைந்து விரியும்போது இப்படித்தான் சில்லு கழலும். தீயில் சூடுபட்ட கல்லிலும் இதே போலச் சட்டி மூடி வடிவில் சில்லு தெறிக்கும், தெறித்த இடத்தில் கிண்ணம் போல ஒரு குழி விழும். அரசிலையைச் செய்தது பனி.

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ இதுல மனுஷன் கை படவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நடுமைய வட்டங்களை அவரே டார்ச் பிடித்துப் பார்த்த பிறகு, இனி ஒரு பனிச் சில்லு அவரை ஏமாற்றாது.

இவ்வளவு தெளிவான அடையாளம் எல்லாக் கல்லிலும் கிடைக்காது. குறிப்பாக நம் ஊர்க் கல்லில் கிடைக்காது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு வெங்கச்சங்கல் தெரிந்திருக்கும். இரண்டு வெள்ளைக் கற்களை இருட்டில் உரசினால் பொறி பறக்குமே, அதுதான். குவார்ட்ஸ் என்பார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் நிறைய. அடித்தால் விசை சீராகப் பரவாமல் விரிசல்களின் வழியே திசை மாறிப் போகும். குமிழ் பெரும்பாலும் தெரியாது, அலைவரியும் மங்கல். கருக்கல்லை ஒரு பட்டறைக்கல்லின் மேல் நிறுத்தி, மேலிருந்து அடித்துப் பிளக்கும் முறை இந்தக் கல்லுக்கு அதிகம் பயன்பட்டது. அப்போது மேலும் கீழும் இரண்டு முனையிலும் நசுங்கல் இருக்கும். குவார்ட்ஸில் நசுங்கலைத் தேட வேண்டும்.

தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செம்மணல் மேடுகள் நினைவிருக்கும். அங்கே குவார்ட்ஸிலும் செர்ட்டிலும் செய்த நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் தேரி மண்ணின் சிவப்பு கறையாக ஏறியிருக்கும். 1950களிலேயே ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். இலங்கையின் ஃபாஹியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்ணடுக்குகளிலிருந்தே குவார்ட்ஸ் நுண்கருவிகள் வருகின்றன. கஷ்டமான கல்லில் இவ்வளவு சின்னக் கருவிகளைச் செய்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மிடம் பலரும் கேட்பது, "இங்கே கிடைக்குமா?" என்பது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கூரான கல்லைக் கண்டதும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் கரையே 1966க்குப் பிறகு கடலைத் தூர்த்து உண்டாக்கியது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டிய மண்ணும் அதில் இருக்கிறது. அலையைத் தடுக்கக் கொண்டுவந்து கொட்டிய பாறைகளும் உண்டு. அங்கே கிடக்கும் கல் அந்த இடத்துக் கல்லே இல்லை. புக்கிட் தீமாவிலும் புலாவ் உபினிலும் இருப்பது கிரானைட். 1851ல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கே உபின் கிரானைட்தான் போனது. கட்டடத்துக்கு அருமையான கல், பிளேடுக்கு உதவாது. பெரிய பெரிய படிகங்கள் சேர்ந்த கல் என்பதால், தட்டினால் சொரசொரப்பாகப் பெயருமே தவிர மெல்லிய ஓரம் வராது.

கிரானைட்டின் குணம் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்குத் தெரியும். அம்மி தேய்ந்துபோனால் அம்மி கொத்துகிறவரைக் கூப்பிடுவார்கள். அவர் உளியால் பொட்டுப் பொட்டாகக் கொத்துவார், ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு துளி கல் தூளாகிப் போகும். சில்லு பெயராது. புதிய கற்காலத்துக் கோடரிகளை இதே போலக் கொத்தி, பிறகு தேய்த்து வழுவழுப்பாக்கினார்கள். செதில் எடுப்பது ஒரு தொழில், கொத்தித் தேய்ப்பது வேறு தொழில். கையில் உள்ளது எந்தத் தொழிலில் பிறந்தது என்று தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை.

அக்கரையில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் லெங்கோங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 2012ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள கோத்தா தம்பானில் ஒரு கல்லாயுதப் பட்டறையே மண்ணுக்குள் அப்படியே கிடைத்தது. பட்டறைக்கல், சுத்திக்கல், கருக்கல், சிதறிய சில்லு எல்லாம் கிடந்த இடத்திலேயே. சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முந்தையது. ஆனால் அங்கே போய் நீளமான பிளேடுகளைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். ஆற்றுக் கூழாங்கல்லைத் தட்டிச் செய்த கருவிகளும் செதில்களும்தான் அதிகம். தென்கிழக்காசியாவிலேயே பிளேடு குறைவு. கூரான வேலைகளுக்கு மூங்கிலைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். மூங்கில் சிலாம்பு எவ்வளவு கூர்மை என்பது கையைக் கிழித்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். மலாயில் அதற்குச் செம்பிலு என்று தனிப் பெயரே இருக்கிறது. மூங்கில் மக்கிவிடும், கல் மட்டும் மிஞ்சும். கிடைத்த கல்லை மட்டும் பார்த்து அந்த மக்களின் திறமையை எடைபோடக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

இனி ஒப்பிடுவது. நான் ஜூரோங்கில் இயந்திர உதிரிபாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இரண்டு பேர் இரண்டு விதமாக அளந்தால் அந்த எண்களை ஒப்பிட முடியாது என்பதை அங்கே முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கல்லுக்கும் அதுவேதான். நீளத்தை அடி விழுந்த தளத்திலிருந்து, அடி போன திசையிலேயே அளக்க வேண்டும். கல்லின் ஆகப் பெரிய நீளம் வேறு பக்கமாக இருக்கலாம், அதை எடுக்கக் கூடாது. அகலத்தை அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, நடுவில் எடுங்கள். தடிமனையும் நடுவில் எடுங்கள், குமிழின் மேல் வைத்தால் எண் கூடிப்போகும். அளக்க, இரண்டு வாயால் கவ்விப் பிடிக்கும் வெர்னியர் அளவுகோலில் பிளாஸ்டிக் வகை நல்லது. இரும்பு வெர்னியரின் வாய் மெல்லிய ஓரத்தைச் சில்லு பெயர்த்துவிடும். படம் எடுக்கும்போதும் எல்லாக் கல்லையும் ஒரே மாதிரி வையுங்கள். அடி விழுந்த முனை கீழே, முதுகுப் பக்கம் மேலே, வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து, பக்கத்தில் ஓர் அளவுகோல். தொல்லியல் படங்களை வரைவதற்கும் பரவலாக இந்த ஒழுங்குதான். வயிற்றுப் பக்கத்தையும் ஒரு படம் எடுக்க மறக்காதீர்கள். கைக்கு வரும் படங்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

எண்கள் கைக்கு வந்த பிறகு உருவத்தை விட்டுவிட்டு, எதனால் அடித்தார்கள் என்று பாருங்கள். கல் சுத்தியால் ஓங்கி அடித்தால் தளம் பெரிதாக இருக்கும், குமிழ் நன்றாகத் துருத்தும். கொம்பு போன்ற மெத்தென்ற சுத்தியால் அடித்தால் தளம் மெலிந்து, குமிழ் பரவலாகி, தளத்துக்குக் கீழே உதடு போல ஒரு சின்ன மடிப்பு வரும். அடிக்காமல் கூரான முனையை வைத்து அழுத்திப் பெயர்த்தால் பிளேடுகள் நேராக, அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி வரும். ஒரு பிளேடை மட்டும் வைத்து இதைச் சொல்வது கடினம், பத்து இருபது சேர்ந்தால் போக்கு தெரியும்.

பிறகு ஓரம். பிளேடு பெயர்ந்தபோது கிடைத்த ஓரம் கூர்மையாக இருக்கும், அதை அப்படியே பயன்படுத்தலாம். சில பிளேடுகளில் ஓரம் நெடுக வரிசையாகச் சின்னச் சின்னத் தழும்புகள் இருக்கும். திருத்த வேலை அது. ஒரு பக்கத்து ஓரத்தை வேண்டுமென்றே மழுக்கிய பிளேடுகளும் உண்டு. கூர்மையை ஏன் மழுக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவ அரை பிளேடு வைத்திருந்தவர்களுக்குப் பதில் தெரியும். விரல் படும் பக்கம் கூராக இருந்தால் அழுத்த முடியாது, அதனால்தான் காகிதத்தைச் சுற்றிக்கொள்வோம். கற்காலத்தவர் அந்தப் பக்கத்தை மழுக்கி, மரப்பிடியின் காடியில் பிசின் வைத்துப் பதித்தார்கள். பிறை வடிவ நுண்கருவிகளில் வளைந்த முதுகு மழுங்கலாகவும் நேர் ஓரம் கூராகவும் இருப்பது இதற்காக. திருத்த வேலை என்றால் தழும்புகள் ஓரளவு சம அளவில், ஒரே பக்கமாக, வரிசையாக வரும். மிதிபட்டோ பைக்குள் ஒன்றோடொன்று உரசியோ வந்த சேதம் இரண்டு பக்கமும் தாறுமாறாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் காண எனக்கே நிறைய நாள் பிடித்தது.

கல்லின் இனமும் பேசும். சிந்துவெளி நகரங்களில் கிடைக்கும் நீளமான செர்ட் பிளேடுகள் பல, இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ரோரிக் குன்றுகளின் கல்லில் செய்தவை. குஜராத்து வரைக்கும் அந்தக் கல் போயிருக்கிறது. இரண்டு ஊர் பிளேடுகள் ஒன்றுபோல் இருந்தால், இரண்டு ஊரிலும் தனித்தனியே ஒரே முறையைக் கண்டார்களா, அல்லது ஒரே பட்டறையிலிருந்து இரண்டு ஊருக்கும் சரக்குப் போனதா என்று கேட்கலாம். கல் எங்கே பிறந்தது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இப்போது ஐயாவின் இரண்டாவது கல். கறுப்புச் சதுரம். முதுகில் இரண்டு வரப்புகள், வயிற்றுப் பக்கம் வழுவழுப்பு. மனிதர் செய்த பிளேடின் துண்டு என்பதில் சந்தேகமே இல்லை. எங்களில் ஒரு அக்கா, "அப்போ இதுவும் கற்காலம்தானே?" என்றார். ஆனால் இரண்டு பக்கமும் வெட்டிய மாதிரி நேராக இருந்தன, அந்த வெட்டு முகங்களில் அடி விழுந்த சின்னக் கூம்புத் தடங்கள் இருந்தன. ஒரு பிளேடை இரும்பு முனையின் மேல் வைத்துச் சம சதுரமாகத் துண்டு போட்டிருக்கிறார்கள். சஃபோக் என்றதுமே அதை யோசித்திருக்க வேண்டும். அங்கே பிராண்டன் என்ற ஊர், துப்பாக்கியில் தீப்பொறி எழுப்பும் சிக்கிமுக்கிக் கல் செய்வதற்குப் பேர்போனது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கத்துத் தொழிலாளிகள் பிளேடு பிளேடாகப் பெயர்த்துத் துண்டு போட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1819ல் சிங்கப்பூரில் வந்திறங்கிய காலத்துத் துப்பாக்கி இப்படிப்பட்ட கல்லால் பொறி எழுப்பிச் சுட்டதுதான்.

பிளேடு செய்யும் முறை ஒரு காலத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை இந்தச் சதுரம் எங்களுக்கு நன்றாகவே காட்டியது. கென்யாவில் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிளேடு எடுத்திருக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு துப்பாக்கிக்காகவும் எடுத்தார்கள். ஆகவே "இது எத்தனை ஆண்டு பழசு?" என்ற கேள்விக்குத் தனியாகக் கிடக்கும் ஒரு கல் பதில் சொல்லாது. சிக்கிமுக்கிக் கல்லைக் கார்பன் முறையில் காலம் கணிக்க முடியாது, அதில் கணிக்க உயிர்ப்பொருள் இல்லை. தீயில் பட்ட கல்லாக இருந்தால் வேறு முறை உண்டு. மற்றபடி, கல் கிடந்த மண்ணடுக்கின் வயதைத்தான் கணிக்கிறார்கள்.

1863 மே 30ஆம் நாள் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு கொற்றலை ஆற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கண்டார்கள். அந்தக் கருவிகள் எவ்வளவு பழமையானவை என்று சொல்ல ஒன்றரை நூற்றாண்டு ஆனது. தொல்லியல் ஆய்வாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் அடுக்கு அடுக்காகத் தோண்டி, மண்ணடுக்கையும் கல்லையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதித்து, கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011ல் வெளியிட்டார்கள். அங்கேயே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு கைக்கோடரி குறைந்து, தயார் செய்த கருக்கல்லிலிருந்து செதிலும் பிளேடும் எடுக்கும் முறை வந்துவிட்டது என்று 2018ல் எழுதினார்கள். அந்தக் கருவிகளை யாராவது பொறுக்கிக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கியிருந்தால் இந்த இரண்டு எண்ணும் நமக்குக் கிடைத்திருக்காது.

அதனால் ஊருக்குப் போகும்போது தேரியிலோ ஆற்றங்கரையிலோ இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தயவுசெய்து எடுத்து வராதீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். மலேசியாவிலும் 2005ஆம் ஆண்டு மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. கிடந்த இடத்திலேயே நாலு படம், கைப்பேசியில் இடக்குறி, பக்கத்தில் வேறு சில்லுகள் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை, அப்புறம் அந்த மாவட்டத்துத் தொல்லியல் துறைக்கு ஒரு தகவல். இவ்வளவு செய்தாலே பெரிய உதவி. தொட்டுப் பார்த்துப் பழக வேண்டுமென்றால் இக்காலத்தில் செய்த மாதிரிக் கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன. நீங்களே தட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோல் உறை, மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம். கல்தூள் நுரையீரலுக்கு ஆகாது. வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். தட்டிய சில்லுகளை வெளியே எங்கும் விட்டுவிடாமல் கூட்டி எடுத்துவிடுங்கள், பின்னால் வருகிறவர் அதைப் பழையது என்று நினைத்துவிடுவார்.

ஐயாவின் மூன்று கற்களையும் தனித்தனி ஜிப் பையில் போட்டோம், ஒன்றோடொன்று உரசக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு பையிலும் சீட்டு எழுதி வைக்க உட்கார்ந்தார். கறுப்புச் சதுரம் எந்த வயலில் கிடைத்தது என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அரசிலையும் அப்படியே. சாம்பல் நிற பிளேடு மட்டும் தேவாலயத்துப் பக்கத்து வயலா, ஓடை தாண்டிய வயலா என்று சந்தேகம். அங்கேயே மகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். லண்டனில் அப்போது நடுராத்திரி. மாலையில் பதில் வந்தது என்று எனக்குப் படம் அனுப்பினார். அன்று நடந்தபோது மகள் எடுத்த புகைப்படம் ஒன்றில், ஐயா குனிந்து நிற்க, பின்னால் ஓடையும் ஒரு மரப்பாலமும் தெரிகின்றன. படத்தில் இடக்குறியும் பதிவாகியிருந்தது. அதை எழுதிவிட்டாராம்.